கொம்புக்குப் பிரெஞ்சு, எருக்கவைக்கு ஆங்கிலம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்ஃபோக் மாவட்டத்து தெட்ஃபர்டு நகருக்கு அருகே, புல் மூடிய பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. புதிய கற்காலத்து மக்கள் சுண்ணப் பாறையைக் குடைந்து தீக்கல் எடுத்த சுரங்கங்கள் அவை. கி.மு. 2600 வாக்கில் தொடங்கிய வேலை. குழிகள் நானூறுக்கு மேல், சில 13 மீட்டர் ஆழம்வரை போகின்றன. மூவாயிரம் ஆண்டு கழித்து அந்தப் பக்கம் வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்களுக்கு இவை மனிதர் தோண்டிய குழிகளாகத் தோன்றவில்லை. தங்கள் தெய்வமான வோடனின் மறுபெயரைச் சூட்டி 'கிரைம்ஸ் கிரேவ்ஸ்', அதாவது கிரிமின் குழிகள், என்றார்கள். 1868 முதல் 1870 வரை வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியார் ஒரு குழியை அடிவரை தோண்டிப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

அடியில் அவர் கண்டவற்றில் முக்கியமானவை செம்மானின் கொம்புகள். விருந்துக்கு அடித்த மானின் மிச்சம் அல்ல அவை; கருவிகள். பெரும்பாலானவை ஆண்டுதோறும் தானாக உதிரும் கொம்புகள், காட்டில் பொறுக்கி வந்தவை. நெற்றிக்கு நேர் மேலே முன்னோக்கி நீளும் முதல் கிளையை மட்டும் விட்டுவிட்டு, மேலே உள்ள கிளைகளைத் தீயில் கருக்கியும் கல்லால் கொத்தியும் நீக்கியிருக்கிறார்கள். நடுத்தண்டு கைப்பிடி ஆகிறது. அந்த ஒற்றைக் கிளை, பாறையின் வெடிப்பில் செருகி நெம்பும் முனை ஆகிறது. அடிப்புறத்து முண்டு தேய்ந்து நசுங்கியிருப்பதைப் பார்த்தால் அதைச் சுத்தியலாகவும் அடித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. சுண்ணச் சேறு அப்பி உலர்ந்த சிலவற்றில், பிடித்திருந்தவரின் விரல் பதிவு அப்படியே இருந்தது.

மொழி ஆராய்ச்சிக்காரனுக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அந்தச் சுரங்கத் தொழிலாளி வெட்டாமல் விட்டுவைத்த கிளை இருக்கிறதே, அதற்கு மட்டும்தான் முதலில் 'ஆன்ட்லர்' என்று பெயர். இன்று ஆங்கிலத்தில் மானின் முழுக் கொம்புக்கும் வழங்கும் இச்சொல், இடைக்காலத்தில் பிரெஞ்சு வழியே வந்தபோது கண்ணுக்கு முன்னால் நீளும் முதல் கிளையைத்தான் குறித்தது. 'கண்ணுக்கு முன் உள்ளது' என்று பொருள்படும் ஒரு லத்தீன் தொடரிலிருந்து பிறந்தது என்பது பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'அந்துயே' என்றால் ஒரு கிளையையே குறிக்கிறார்கள்; முழுக் கொம்பு அவர்களுக்கு 'புவா', அதாவது மரம். ஆங்கிலேயர் ஒரு கிளையின் பெயரை வாங்கிக்கொண்டு போய் முழு மரத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

அதற்கு முன் அவர்கள் என்ன சொன்னார்கள்? வெறும் 'ஹார்ன்'. மாட்டுக்கும் அதுதான், ஆட்டுக்கும் அதுதான், மானுக்கும் அதுதான், ஊதும் கருவிக்கும் அதுதான். நாம் 'கொம்பு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் புழங்குவதைப் போல. மாட்டுக் கொம்பு எலும்பு மேல் போர்த்திய நகப்பொருள். வாழ்நாள் முழுக்க விழாது. மான் கொம்பு முழுக்க எலும்பு. செம்மானுக்கு வசந்தத்தில் உதிர்ந்து, மென்தோல் போர்த்தபடி மறுபடி முளைத்து, கோடை முடிவதற்குள் முற்றிவிடும். இந்த வேறுபாடு பழைய ஆங்கிலேயருக்குத் தெரியாமல் இல்லை, தனிச்சொல் வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆண் மானுக்கு அவர்கள் வைத்த 'ஹெயரொட்' என்ற பெயரே கொம்புடையது என்ற அடிப்பொருளிலிருந்து வந்தது. லத்தீனில் மானைக் குறிக்கும் 'கெர்வுஸ்' அதற்கு உறவு. 'பேயோவுல்ஃப்' காப்பியத்தில் அரசனின் விருந்து மண்டபத்துக்கும் இதுவே பெயர். 1939-இல் சட்டன் ஹூ புதைகுழியில் கிடைத்த செங்கோல் போன்ற சாணைக்கல்லின் உச்சியில் ஒரு வெண்கல மான் நிற்கிறது. கொம்புக்கு அந்தச் சமூகம் கொடுத்த மதிப்புக்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

1066-இல் நார்மன்கள் வந்தார்கள். அவர்களோடு காட்டுச் சட்டமும் வந்தது. 1079 வாக்கில் வில்லியம் மன்னன் தெற்கே ஒரு பெரும்பரப்பை வேட்டைக்காடாக அறிவித்தான். 'புதிய காடு' என்ற பெயர் இன்றும் அதற்கு இருக்கிறது. ஆண் மானையோ பெண் மானையோ கொன்றவனின் கண்ணைப் பிடுங்க வேண்டும் என்று அவன் விதித்ததாகப் பீட்டர்பரோ மடத்து ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. மன்னன் இறந்த 1087-ஆம் ஆண்டுக்கான பதிவு அது. அதை எழுதிய துறவி ஆங்கிலத்தில்தான் எழுதினார். 'ஹெயரொட்', 'ஹிண்ட்' என்று மானுக்குச் சொந்தச் சொற்களையே போட்டார். உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தான அந்தத் தண்டனை நீங்க 1217-ஆம் ஆண்டுக் காட்டுச் சாசனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் பலரும் வால்டர் ஸ்காட்டை இழுத்து வருவார்கள். 1819-இல் வந்த 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு கோமாளி சொல்லும் கணக்கு இது: தொழுவத்தில் நிற்கும்வரை விலங்குக்கு ஆங்கிலப் பெயர், தட்டில் கறியானதும் பிரெஞ்சுப் பெயர், மேய்ப்பவன் ஆங்கிலேயன், தின்பவன் நார்மன். கேட்க அழகாக இருக்கிறது. மான் விஷயத்தில் அது அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. மான்கறி 'வெனிசன்' ஆனது உண்மை. ஆனால் மானைத் துரத்தியவனும் நார்மன் பிரபுவேதான். அப்படியிருந்தும் 'ஹார்ட்', 'ஹைண்ட்', 'பக்', 'டோ', 'ரோ' என்று உயிருள்ள மானின் பெயர்கள் எல்லாம் பழைய ஆங்கிலமாகவே தங்கிவிட்டன. அப்படியானால் பிரெஞ்சு எங்கே போய் உட்கார்ந்தது? கொம்பின் கிளைகளில். அளக்கும் இடத்தில், எண்ணும் இடத்தில், தரம் பிரிக்கும் இடத்தில்.

கொம்பை அடியிலிருந்து மேல்நோக்கி எண்ணிப் பார்த்தால் இது புலப்படும். முதல் கிளை 'பிரவ்', புருவம், அது ஆங்கிலம். இரண்டாவது 'பே', இரண்டு என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சு முன்னொட்டு. மூன்றாவது 'டிரே', மூன்று என்பதிலிருந்து. அதற்கு மேலே 'ராயல்', உச்சியில் 'சர்ராயல்'. அரசன், அரசனுக்கும் மேல். நடுத்தண்டுக்கு மட்டும் 'பீம்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அதற்கு மரம் என்று பொருள், ஜெர்மனில் இன்றைக்கும் அதே வேரில் 'பாவும்' என்றால் மரம். ஆக அடிமரம் ஆங்கிலம், கிளைகளில் ஏற ஏற பிரெஞ்சு, உச்சியில் அரசன்.

இந்தச் சொற்கள் வெறும் அலங்காரம் அல்ல. வேட்டைக்கு முந்தைய விடியலில் ஒருவன் தனியே காட்டுக்குள் போய், எந்த மான் எங்கே படுத்திருக்கிறது, அதன் கொம்புக்கு எத்தனை கிளை என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். பத்துக் கிளை கண்ட ஆண்மான்தான் மன்னன் துரத்தத் தகுந்தது. எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால், அதிகம் உள்ள பக்கத்தை இரட்டித்து, ஒற்றைப்படை என்பதைக் குறிக்க ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். ஒருபுறம் ஆறு, மறுபுறம் ஐந்து என்றால் பதினொன்று அல்ல, 'குறைவுள்ள பன்னிரண்டு'. ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இன்றும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். எது கிளை, எது வெறும் புடைப்பு என்ற வழக்கு எழுந்தால், ஒரு வாரையோ வளையத்தையோ அதில் மாட்டிப் பார்ப்பது மரபு. நழுவாமல் தொங்கினால் கிளை.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் முதலில் விரிவாக எழுதிவைத்தவர் யார்க் கோமகன் எட்வர்டு. பிரெஞ்சு வேட்டைப் பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் எழுதிய நூலை 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழிபெயர்த்து, தன் பங்குக்குச் சில அத்தியாயங்களும் சேர்த்தார். 1415-இல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் அதே பிரெஞ்சுக்காரர்களோடு சண்டையிட்டு மாண்டார். எதிரியிடம் சொல் வாங்க அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

வயதை வைத்தும் பெயர் மாறும். 1486-இல் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூலைப் போன்ற வேட்டைக் கையேடுகள் இந்தப் பட்டியலை மனப்பாடப் பாடம்போல் தருகின்றன. இரண்டாம் ஆண்டுச் செம்மான் 'பிராக்கெட்'. கிளைக்காத வெறும் முள்ளாகக் கொம்பு நிற்கும் பருவம் அது. சமையலறைச் சூட்டுக்கோலைக் குறித்த 'புரோஷ்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வட்டார வடிவம்தான் அதன் தாய். நெஞ்சில் குத்தும் 'புரோச்' அதன் தங்கை. தென் அமெரிக்காவில் கடைசிவரை கொம்பு கிளைக்காத சிறுமான்களைக் கண்ட ஆங்கிலேயர் அவற்றுக்கும் இதே பெயரை வைத்துவிட்டார்கள். புள்ளிமான் போன்ற 'ஃபேலோ' மானுக்கு அதே வயதில் 'பிரிக்கெட்' என்று பெயர். இதில் அடி ஆங்கிலம், வால் பிரெஞ்சு: 'பிரிக்கா' என்றால் பழைய ஆங்கிலத்தில் கூர்ப்புள்ளி, அதோடு குறுமை காட்டும் பிரெஞ்சு விகுதி. மெழுகுத்திரியைச் செருக முள் வைத்த விளக்குத்தண்டுக்கும் இதே பெயர்தான்.

'பிரிக்கெட்' என்றதும் ஷேக்ஸ்பியர் நினைவுக்கு வருகிறார். 1598-இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் இளவரசி ஒரு மானை வீழ்த்துகிறாள். அது எந்த வயது மான் என்று பள்ளி ஆசிரியரும் பாதிரியும் லத்தீன் கலந்து வாதிடுகிறார்கள். பக்கத்தில் டல் என்ற கிராமக் காவலன் நிற்கிறான், பெயரிலேயே மந்தம். ஆசிரியரின் லத்தீன் அவனுக்கு ஏதோ மானின் பெயராகக் காதில் விழுகிறது. அது இல்லை ஐயா, அது பிரிக்கெட் என்று அவன் மறுபடி மறுபடி அடித்துச் சொல்கிறான். எனக்கு இந்தக் காட்சி சிரிப்பைத் தாண்டி ஒரு சான்றாகவும் படுகிறது. கோமகன்களின் வேட்டைச் சொல், சில நூற்றாண்டுகளில் ஊர்க் காவலனின் சொந்தச் சொல் ஆகிவிட்டிருக்கிறது. மேட்டில் பிறந்த சொல் பள்ளத்துக்கு இறங்க எடுத்துக்கொண்ட காலம் அது.

இனி வயலுக்கு வருவோம். அங்கே கதை வேறு.

கிளைக்கும் முனைக்கும் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் 'டைன்'. பழைய வடிவம் 'டின்ட்'. பரம்புப் பலகையின் பல், கவையின் முள், மான்கொம்பின் கிளை, மூன்றுக்கும் இது ஒன்றே. கடைசியில் இருந்த 'ட்' இடைக்கால இறுதியில் உதிர்ந்தது. மரத்தைச் சுற்றிக் கட்டும் கொடியான 'வுட்பைன்' என்ற பெயரிலும் அதே ஒலி அதே மாதிரி உதிர்ந்திருக்கிறது. வட கடலுக்கு அப்பால் நார்வேயில் 'டின்ட்' இன்னும் முழுசாக இருக்கிறது, ஆனால் அங்கே அது மலைச் சிகரம். 'டிரோல்டின்ட்' என்று அரக்கர் பெயரில் அழைக்கும் செங்குத்துச் சிகரங்கள் உண்டு. ஆங்கிலேயர் சிகரத்துக்கு எடுத்துக்கொண்டது வேறொரு கூர்ச்சொல்லை. 978 மீட்டர் உயரத்தில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலை 'ஸ்காஃபெல் பைக்'. 'பைக்' என்பது குத்துக்கருவி. நியூகாசிலில் ஓடும் டைன் ஆற்றுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு கிடையாது. ஆறு ஆங்கிலேயருக்கு முன்பே பெயர் பெற்றது.

அந்தப் 'பைக்' இருக்கிறதே, அதன் குடும்பம் பெரியது. பழைய ஆங்கிலப் 'பீக்' கூரான இரும்பு. அதை 'ஃபோர்க்'குடன் சேர்த்து வைக்கோல் கவைக்கு 'பிக்ஃபோர்க்' என்றார்கள். வைக்கோலை அதால் தூக்கி எறிவதைப் பார்த்த பின்தலைமுறை, எறிதலைக் குறிக்கும் 'பிட்ச்' தான் அதில் இருக்கிறது என்று எண்ணி 'பிட்ச்ஃபோர்க்' ஆக்கிவிட்டது. 'பிக்காக்ஸ்' இன்னும் வேடிக்கை. மூலம் 'பிக்வா' என்ற பிரெஞ்சுச் சொல். அதன் வால்பகுதி கோடரியைக் குறிக்கும் 'ஆக்ஸ்' போல ஒலித்ததால் மக்கள் அதைக் கோடரியாகவே ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் சாலை தோண்டுபவர் தோளில் தொங்கும் பிக்காசுக்குள் கோடரி எதுவும் இல்லை. கூர்மைக்கு இன்னொரு பழஞ்சொல் 'கார்', ஈட்டி. பூண்டின் ஆங்கிலப் பெயரில் அது ஒளிந்திருக்கிறது: 'கார்லிக்' என்றால் ஈட்டி வெங்காயம்.

கவைக்கு வருவோம். 'ஃபோர்க்' ஆங்கிலச் சொல் அல்ல. லத்தீன் 'ஃபுர்கா', நார்மன்களுக்கு முன்பே 'ஃபோர்கா' என்று பழைய ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. ரோமில் அதற்கு நல்ல பெயர் இல்லை. குற்றம் செய்த அடிமையின் கழுத்தில் கவைக்கட்டை பூட்டி ஊரைச் சுற்றி நடத்துவார்கள்; 'ஃபுர்கிஃபெர்', கவை சுமப்பவன், என்பது லத்தீனில் வசைச்சொல். ஆக்ஸ்ஃபர்டு நகரின் நடுவில் நான்கு சாலை கூடும் 'கார்ஃபாக்ஸ்' என்ற இடமும் லத்தீன் நாற்கவையின் சிதைவுதான். ஆறுகள் கூடும் கவைக்குப் பழைய ஆங்கிலத்தில் தனியாக 'டுவிஸ்லா' என்று ஒரு சொல் இருந்தது. லங்காஷயரின் 'ஆஸ்வால்டுவிசில்' என்ற நாக்கைச் சுளுக்கும் ஊர்ப்பெயரில் அது பிழைத்திருக்கிறது. ஆஸ்வால்டு என்பவனின் ஆற்றுக்கவை.

லத்தீன் வருவதற்கு முன் கருவிக்கு என்ன பெயர்? 'யெஅவெல்'. ஜெர்மனியில் இன்றைக்கும் முள்கரண்டிக்கு 'காபெல்' என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தின் பொதுவழக்கில் இது செத்துப்போய்விட்டது. ஆனால் எருக்குழியில் சாகவில்லை. டெவன், கார்ன்வால் பக்கத்து உழவர்கள் எரு அள்ளும் மும்முள் கவையைத் தீமையைக் குறிக்கும் 'ஈவில்' என்ற சொல்லோடு குழம்பும்படியான ஒலியில் அழைத்தார்கள். செஷயரில் அதே சொல் 'யெல்வ்'. வெளியூர்க்காரன் காதுக்கு அந்த உழவன் 'தீமையால் சாணி அள்ளுகிறேன்' என்று சொன்னதுபோல் இருந்திருக்கும். மடத்துத் துறவியும் மாளிகைச் சமையல்காரனும் லத்தீன் வழிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். சாணி அள்ளியவனிடம் போய் யாரும் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. தொன்மையான சொல் அவனிடம் தங்கியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

மற்ற மாவட்டங்களில் வேறு வேறு. வடக்கே டேனியரும் நார்வேயரும் குடியேறிய பகுதிகளில் 'கிரேப்' என்பது எருக்கவை, 'கிரெயின்' என்பது அதன் முள். இரண்டும் வைக்கிங் மொழியின் மிச்சம். நெல்மணியைக் குறிக்கும் 'கிரெயின்' வேறு, இது வேறு. மேற்கே செஷயர், ஷ்ராப்ஷயரில் வைக்கோல் கவை 'பைக்கல்'. தெற்கே 'பிராங்'. இன்று அகராதியில் கவையின் ஒரு முள்ளைக் குறிக்கும் இந்தப் 'பிராங்', தெற்கத்தி உழவன் வாயில் முழுக் கவைக்கும் பெயர். அதன் பிறப்பை இன்னும் யாரும் உறுதியாகத் தீர்க்கவில்லை. ஈரநிலங்களில் விலாங்கு பிடிக்கும் கவைக்கு 'கிளீவ்'. அதைப் பார்த்தவருக்கு இது குத்தும் கருவி அல்ல என்பது புரியும். முட்கள் தட்டையாக, ஓரத்தில் ரம்பப்பல்லோடு, நெருக்கமாக இருக்கும். சேற்றில் அழுத்தினால் விலாங்கு இரண்டு முள்ளுக்கு நடுவே நெரிந்து மாட்டிக்கொள்ளும். உடம்பில் துளை விழாது.

இந்தச் சொற்களெல்லாம் நமக்குக் கிடைத்ததற்கு ஒரு மனிதர் முக்கிய காரணம். ஜோசப் ரைட் 1855-இல் யார்க்ஷயரில் பிறந்தார். ஆறு வயதில் கல்குவாரியில் வேலை. வேலை என்ன தெரியுமா? தொழிலாளர்களின் முனை மழுங்கிய கருவிகளைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், கூர்தீட்டித் திரும்பக் கொண்டுவருவது. அதன்பின் நூற்பாலை. பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. அதே ஆள் 1901-இல் ஆக்ஸ்ஃபர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் ஆனார். 1898 முதல் 1905 வரை அவர் பதிப்பித்த ஆங்கில வட்டார வழக்கு அகராதி ஆறு தொகுதிகள். எழுத்தாளர்கள் புழங்காத சொல்லையெல்லாம் அகராதியில் எதற்கு ஏற்ற வேண்டும் என்று கேட்கும் அறிஞர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு வராத அக்கறை, பிக்காசு முனையைச் சிறுவயதில் கையில் பிடித்தவருக்கு வந்தது இயல்பு.

அவருக்குப் பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்டு ஆர்ட்டன், சூரிச்சின் ஆய்கன் டீத் என்பவரோடு சேர்ந்து திட்டமிட்ட கள ஆய்வு 1950 முதல் 1961 வரை நடந்தது. 313 ஊர்கள், ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கேள்விகள், பெரும்பாலும் வயது முதிர்ந்த உழவர்களிடம். வைக்கோல் கவைக்கு என்ன பெயர், எருக்கவைக்கு என்ன பெயர் என்பன அந்தக் கேள்விகளில் சேர்த்தி. பதில்களை வரைபடத்தில் குறித்தால், நார்மன் பிரபு எந்த மாவட்டத்தில் வேட்டையாடினான் என்பதற்கும் இதற்கும் ஒட்டே இல்லை. எங்கே எந்தக் குடிகள் வந்து உழுதார்கள் என்பதோடுதான் கோடுகள் பெருமளவு ஒட்டுகின்றன. கேட்டவர்கள் சரியான நேரத்தில் போனார்கள். டிராக்டரும் தொழிற்சாலைக் கருவியும் விலைப்பட்டியலும் பொதுப்பெயர்களைக் கிராமத்துக்குள் கொண்டுவந்துவிட்ட காலம் அது. பத்தாண்டு தாமதித்திருந்தால் பாதிச் சொல் கிடைத்திருக்காது.

'டைன்' மட்டும் தப்பித்தது. எருக்கவையில் இருந்து பரம்புக்கும், பரம்பிலிருந்து டிராக்டர் இழுக்கும் கலப்பைக்கும், அங்கிருந்து பாரந்தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்புக் கைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேட்டைக்காரனும் ஆன்ட்லர் முழுக்கொம்பு ஆனபின் கிளையைக் குறிக்க வேறு சொல் இல்லாமல் இதையே பிடித்துக்கொண்டான். கோமகன்களின் 'பே', 'டிரே' எல்லாம் இன்று மான் நிபுணர்கள் வாயில்தான் கேட்கும். பன்னிரண்டு கிளை மானை 'ராயல்' என்பது மட்டும் பொதுமக்களுக்கும் தெரியும். ஓவியர் லேண்ட்சியர் 1851-இல் வரைந்து, பிஸ்கட் டப்பா முதல் விஸ்கி புட்டி வரை ஏறிய அந்தப் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து மானுக்குப் பன்னிரண்டு கிளைகள்.

சாப்பாட்டு மேசைக்குக் கவை வந்தது கடைசியில்தான். சமையலறையில் கறியைக் குத்திப் பிடிக்க அது ஏற்கெனவே இருந்தது. தட்டிலிருந்து வாய்க்கு விரல்தான். 1611-இல் தாமஸ் கோரியட் என்ற ஊர்சுற்றி தன் பயண நூலில், இத்தாலியர்கள் கையால் கறியைத் தொடாமல் சிறு கவையால் பிடிப்பதை வியந்து எழுதினார். ஊர் திரும்பி அவரும் அப்படியே சாப்பிட ஆரம்பிக்க, நண்பர் ஒருவர் சாப்பாட்டு மேசையிலேயே அவருக்குப் பட்டம் சூட்டினார்: 'ஃபுர்கிஃபெர்'. ரோம அடிமையின் வசைப்பெயர் ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்து நாகரிகக்காரனுக்குக் கேலிப்பெயர் ஆயிற்று. கோரியட் அதோடு நிற்கவில்லை. பெரும்பகுதி கால்நடையாகவே இந்தியாவரை வந்தார். 1617 டிசம்பரில் சூரத்தில் இறந்தார்.

கவையும் மான்கொம்பும் ஒரே பொருளில் சேர்ந்ததும் மேசையில்தான், அதிலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகள் கறி அறுக்கும் கத்தியும் அதற்கு இணையான இருமுள் கவையும் ஒரு பெட்டியில் வைத்து விற்றன. முட்கள் நீளமாக, லேசாக வளைந்து இருக்கும்; கத்தி வழுக்கிக் கையில் பட்டுவிடாமல் தடுக்க மடக்குத் தாங்கி ஒன்று நடுவில் இருக்கும்; கைப்பிடி சொரசொரப்பான மான்கொம்பு. இங்கிலாந்துச் செம்மானின் கொம்பு உட்புறம் பஞ்சுபோல் துளை மிகுந்தது, தண்டும் மெலிது. நம் காடுகளின் கடமான் கொம்பு கனமாகவும் இறுகலாகவும் இருப்பதால், உதிர்ந்த கொம்புகளை இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வரவழைத்தார்கள். வியாபாரத்தில் அதன் பெயர் 'ஸ்டேக்', ஆண்மான். எந்த ஊர் மான் என்று பெட்டியின் மேல் எழுதும் வழக்கம் இல்லை. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் கொன்று எடுத்த கொம்பும் போகிறது என்ற கவலையால் இந்தியா பிற்பாடு அந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது ஷெஃபீல்டில் புதிதாகச் செய்யும் பெட்டிகளில் பழைய இருப்பு, வேறு நாட்டு மான்கொம்பு, அல்லது கொம்பைப்போல் வார்த்த பிசின், இவற்றில் ஒன்றுதான் கைப்பிடி.